வீட்டில் பிள்ளைகளை எடுத்த படம் யூஜின் ஸ்மித் படம் மாதிரி இருக்கிறதாம். கண்காட்சிக்கு அனுப்பலாமா?

புறவாசல் (அம்பாசமுத்திரம்)

எல்லாருக்கும் வணக்கம். இங்கே இதுவரை வாசித்ததோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு இரண்டு பிள்ளைகள். பெரியவனுக்கு 7 வயசு, சின்னவளுக்கு 4. படம் எடுப்பது எனக்குத் தொழில் இல்லை, ஒரு அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறேன். கையில் இருப்பது தம்பி கொடுத்த பழைய நிக்கான், கூடவே ஒரே ஒரு 35 எம்.எம். லென்ஸ். வெளியூர் போய் எடுக்க நேரமும் கிடையாது, ஆசையும் கிடையாது. வீட்டுக்குள்ளேயே, இந்த இரண்டு பேரையும் மட்டும்தான் எடுக்கிறேன்.

எங்களுடையது பழைய கட்டுவீடு. முன்பக்கத் தார்சாவில் நின்றால் பட்டாசல், இரண்டாங்கட்டு, அடுக்களை எல்லாம் தாண்டி நேர்கோட்டில் புறவாசல் தெரியும். இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர் ஒட்டி நிற்பதால் ஜன்னல் இல்லை, பகலிலும் உள்ளே இருட்டுதான். சாயங்காலம் புறவாசல் கதவைத் திறந்து போட்டால் அங்கே மட்டும் வெயில் பளீரென்று இருக்கும். பிள்ளைகள் எதற்கு ஓடினாலும் அந்தப் பக்கம்தான் ஓடுவார்கள்.

சொல்ல வந்த படம் இது. இரண்டு பேரும் மாட்டுக்குக் கழனித் தண்ணீர் கொண்டுபோகிறார்கள். ஒரே வாளி, பிடியில் இரண்டு பேர் கையும் இருக்கிறது. அவன் உயரம் என்பதால் வாளி அவள் பக்கம் சாய்ந்திருக்கிறது. அவள் போட்டிருப்பது அண்ணனுடைய பழைய சட்டை, முழங்காலுக்குக் கீழே தொங்கும். நான் அடுக்களைப் படியில் உட்கார்ந்து உள்ளி உரித்துக்கொண்டிருந்தேன். கேமரா பக்கத்தில் இருந்தது, எடுத்தேன். பின்பக்கம்தான் தெரிகிறது. சுற்றிலும் கறுப்பு, நடுவில் வெளிச்சம், அதற்குள் நடந்துபோகும் இரண்டு சின்ன உருவங்கள்.

வேறொரு இடத்தில் இதைப் போட்டபோது ஒருவர் எழுதினார்: "ஸ்மித் எடுத்ததை அப்படியே எடுத்திருக்கிறீர்கள், அவர் பேரையாவது போடலாமே." அந்தப் பெயரை நான் கேள்விப்பட்டதே இல்லை. தேடிப் பார்த்தேன். யூஜின் ஸ்மித், அமெரிக்கப் புகைப்படக்காரர். 1946ல் அவர் தன் மகனையும் மகளையும் எடுத்த படம். இருட்டு மரநிழலிலிருந்து வெளிச்சத்துக்குள் நடந்துபோகிறார்கள், முதுகுப் பக்கம்தான் தெரிகிறது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அத்தனை ஒற்றுமை.

கேட்க நினைத்தது மூன்று. மாவட்ட அளவில் ஒரு கண்காட்சிக்குப் படம் கேட்டிருக்கிறார்கள், இதை அனுப்பலாமா? அனுப்பினால் அவர் பெயரைப் போட வேண்டுமா? மூன்றாவதுதான் எனக்குப் பெரியது. அன்றையிலிருந்து கேமராவைத் தூக்கினாலே, இதையும் யாரோ எடுத்திருப்பார்கள் என்ற நினைப்பு வந்துவிடுகிறது. வாசலோரம் சின்னவள் நின்றால் எடுக்கத் தோன்றுகிறது, உடனே கை இறங்கிவிடுகிறது. பெரிய கலைஞர்களைப் படித்தவர்களுக்கு இது எப்படி இருக்கும்? படித்துவிட்டு எப்படி எடுக்கிறீர்கள்?

கோர்ட்டுக்குப்போகாதவன் (கோவை)

அக்கா, சட்டத்தை மட்டும் நான் சொல்லிவிடுகிறேன், மற்றதைத் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

பதிப்புரிமை ஒரு எண்ணத்துக்குக் கிடையாது, அந்த எண்ணம் வெளிப்பட்ட வடிவத்துக்குத்தான் உண்டு. 1978ல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அது நாடகத்துக்கும் சினிமாவுக்கும் நடந்த வழக்கு, ஆனாலும் அடிப்படை ஒன்றுதான். "இரண்டு பிள்ளைகள் இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு நடக்கிறார்கள்" என்பது எண்ணம். அதை யாரும் பட்டா போட முடியாது. அதோடு, மற்றவர் படைப்பைப் பார்க்காமல் தானாகச் செய்தது நகல் ஆகாது. உங்கள் படத்துக்கு உரிமையாளர் நீங்கள்தான்.

நான் பயப்படுவது வேறொன்றுக்கு. கண்காட்சி விதிமுறைகளை முழுக்கப் படியுங்கள். "அனுப்பும் படங்களை எங்கள் விளம்பரங்களுக்கு எப்போது வேண்டுமானாலும் பயன்படுத்துவோம்" என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். பிள்ளைகள் இருக்கும் படம், அந்த வரியை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். ஒப்புக்கொள்ளாவிட்டால் அனுப்பாதீர்கள்.

இருட்டறை (கும்பகோணம்)

அம்மா, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நல்ல படம். அதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

நான் ஸ்டுடியோ வைத்திருந்தவன். கழுவி, காயப்போட்டு, பென்சிலால் டச் பண்ணிக் கொடுத்த காலத்து ஆள். ஆறேழு மாசக் குழந்தையைக் கொண்டுவருவார்கள். பெஞ்சில் வெல்வெட் துணி விரித்து, அரைஞாணோடு குப்புறப் போட்டு, அம்மாவை கேமராவுக்குப் பின்னால் கிலுகிலுப்பையோடு நிறுத்தி, குழந்தை தலையைத் தூக்கிய நொடியில் எடுப்போம். இந்தப் படம் இல்லாத வீடு எங்கள் ஊரில் உண்டா? யார் முதலில் எடுத்தார்கள் என்று ஒருத்தரும் கேட்டதில்லை. ஆனால் நூறு குப்புறப் படங்களைக் கலைத்துப் போட்டாலும் ஒரு தாய் தன் பிள்ளையைச் சட்டென்று எடுத்துவிடுவாள். கொண்டை ஊசி போட்டு நிறுத்திய முடி, காதோரம் வைத்த மையின் அளவு, ஏதோ ஒன்று அவளுக்குச் சொல்லிவிடும். ஒற்றுமை எங்கிருந்து வருகிறது, படம் எங்கிருந்து வருகிறது என்பதை நான் அங்கேதான் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டேன்.

பெற்றவர்கள் எடுக்கும் படங்கள் ஒன்றுபோல் வருவதற்குக் காரணம் சாதாரணமானது. பிள்ளை நமக்கு முன்னால் ஓடும், நாம் பின்னால் வருவோம், அதனால் முதுகு கிடைக்கும். வீட்டுக்குள் வெளிச்சம் வாசல் வழியாகவும் ஜன்னல் வழியாகவும்தான் வரும், அதனால் பிள்ளை அங்கே நிற்கும்போது எடுப்போம். அமெரிக்காவில் பிள்ளை பெற்றவனுக்கும் அம்பாசமுத்திரத்தில் பெற்றவளுக்கும் நிற்கிற இடம் ஒன்றுதான்.

உங்களைப் போலவே நின்ற ஒருவர் கதை சொல்கிறேன். சாலி மான் என்று வர்ஜீனியாவில் ஒரு அம்மா. 1984ல் அவருடைய மகள் ஜெஸ்ஸி பூச்சி கடித்துக் கண் வீங்கி வந்து நிற்கிறாள். அம்மா அதைப் படம் எடுக்கிறார். அந்தப் படத்தைப் பார்த்தால் டோரதியா லாங்கே என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் 1936ல் ஓக்லஹோமாவின் குடிசைப் பகுதி ஒன்றில் எடுத்த ஒரு சிறுமியின் படம் ஞாபகத்துக்கு வரும். லாங்கேயின் பெண் பஞ்சத்தில் அடிபட்டவள், இவர் பெண் பூச்சிக்கடியில் வீங்கியவள். ஆனாலும் அதே நேர்ப்பார்வை, அதே காயப்பட்ட முகம். சாலி மான் படத்தை ஒளித்துவைக்கவில்லை. லாங்கே வைத்த தலைப்பையே, "டேமேஜ்ட் சைல்ட்" (காயப்பட்ட குழந்தை) என்பதையே, தன் படத்துக்கும் வைத்துவிட்டார். அங்கே ஆரம்பித்த வரிசைதான் 1992ல் புத்தகமாக வந்து அவரை உலகத்துக்கே தெரியவைத்தது. அன்றைக்கு அவர் கையைக் கீழே இறக்கியிருந்தால் பின்னால் வந்த எதுவும் வந்திருக்காது.

இனி ஸ்மித் படத்துக்கு வருகிறேன். அவர் போர்முனைப் படக்காரர். 1945ல் ஒகினாவாவில் குண்டுச் சிதறல் பாய்ந்து முகமும் கையும் சிதைந்தன. ஆபரேஷன் மேல் ஆபரேஷன். இனி கேமராவைப் பிடிக்க முடியுமா என்றே தெரியாமல் இருந்தவர், காயத்துக்குப் பிறகு எடுத்த முதல் படம் அது. போரில் எடுத்ததற்கெல்லாம் எதிராக ஒரு மென்மையான கணத்தை எடுத்தே தீருவது என்று தன் பிள்ளைகளுக்குப் பின்னால் நடந்திருக்கிறார். அதனால்தான் அந்தப் படத்தில் பிள்ளைகள் எங்கே போகிறார்கள் என்பதே இல்லை. சொர்க்கத் தோட்டத்துக்குப் போகிறார்கள் என்று தலைப்பு வைத்தார். அந்த மனிதனுக்கு அன்று அது தேவைப்பட்டது.

உங்கள் பிள்ளைகள் எங்கே போகிறார்கள் என்பது தெரிகிறது, அம்மா. மாட்டுக்குக் கழனி கொண்டுபோகிறார்கள். வாளி கனக்கிறது. உங்கள் மகளின் இடது தோள் இறங்கி, வலது குதிகால் தரையை விட்டு எழும்பியிருக்கிறது. ஸ்மித் பின்னால் நடந்துபோய் எடுத்தார், நீங்கள் படியில் உட்கார்ந்து எடுத்திருக்கிறீர்கள். அதனால் பிள்ளைகள் வாசல் உயரத்துக்கு வளர்ந்து நிற்கிறார்கள், பெரிய ஆட்கள் வேலைக்குப் போகிற மாதிரி. அவர் பிள்ளைகளை உலகத்திலிருந்து காப்பாற்றி எடுத்தார். நீங்கள் எடுத்திருப்பது வீட்டு வேலையில் பங்கு வாங்கிக்கொண்ட பிள்ளைகளை. ஒரே மாதிரி தெரிகிற இரண்டு வேறு படங்கள் இவை. அனுப்புங்கள்.

சாம்பல்நிறம் (சென்னை)

ஐயா சொன்னதில் பெரும்பகுதி எனக்குச் சம்மதம். ஒரு இடத்தில் மட்டும் மாறுபடுகிறேன்.

"பார்த்ததே இல்லை" என்று உறுதியாகச் சொல்ல முடியுமா? ஸ்மித்தின் படம் ஒரு ஆல்பத்துக்குள் தூங்கியது அல்ல. 1955ல் எட்வர்ட் ஸ்டைக்கன் என்ற புகைப்படக்காரர் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் 68 நாடுகளிலிருந்து 503 படங்களைத் திரட்டி "மனிதக் குடும்பம்" என்று கண்காட்சி வைத்தார். அதில் கடைசிப் படம் இதுதான். கண்காட்சி உலகம் சுற்றியது, இந்தியாவுக்கும் வந்தது. அதன் புத்தகம் இன்றும் அச்சில் இருக்கிறது. அதைப் பார்த்து எடுத்தவர்கள், அவர்களைப் பார்த்து எடுத்தவர்கள் என்று இந்த "முதுகு காட்டும் இரண்டு பிள்ளைகள்" வாழ்த்து அட்டையிலும் காப்பீட்டு விளம்பரத்திலும் காலண்டரிலும் வந்துகொண்டே இருக்கிறது. அக்கா ஸ்மித்தைப் பார்க்காமல் இருந்திருக்கலாம், அவருடைய பேரப்பிள்ளைப் படங்களைப் பார்க்காமல் இருந்திருக்க வழியில்லை. அதனால் "பார்த்த நினைவில்லை" என்று சொல்வதே பொருத்தம்.

இது குற்றச்சாட்டு இல்லை. நான் சொல்ல வருவது தேர்வைப் பற்றி. அன்று நீங்கள் ஒரே ஒரு தடவையா பொத்தானை அழுத்தினீர்கள்? இருக்காது. அதற்கு முன்னும் பின்னும் எடுத்தவை இருக்கும். அவற்றிலிருந்து இதை ஏன் பொறுக்கினோம் என்று யோசியுங்கள். "படம் என்றால் இப்படி இருக்க வேண்டும்" என்று கண் பழகியிருப்பதால், பழகிய வடிவத்துக்குப் பக்கத்தில் வந்ததை நாம் பொறுக்கியிருக்கக்கூடும். எதிரொலி எடுக்கும்போது வருவதைவிட, பொறுக்கும்போது அதிகமாக வருகிறது. எனக்கு இது பலமுறை நடந்திருக்கிறது. இப்போதெல்லாம் ஒதுக்கிய படங்களைச் சில மாதம் கழித்து மறுபடி எடுத்துப் பார்க்கிறேன்.

முடிந்தால் அந்த முழு வரிசையையும் இங்கே போடுங்கள். முகம் தெரிந்தால் மறைத்துவிடுங்கள்.

தேயிலைப்பனி (ஹட்டன்)

அக்காவுக்கு வணக்கம். நான் மலையகம். உங்கட கேள்வியைப் பார்த்ததும் எங்கட பக்கத்து ஆள் ஒருவரைப் பற்றிச் சொல்லத் தோன்றியது.

பொகவந்தலாவையில் புனித மரியாள் ஆலயம் இருக்கிறது. அதன் கல்லறைத் தோட்டத்தில் ஜூலியா மார்கரெட் கேமரன் அடக்கமாகியிருக்கிறார். 1815ல் கல்கத்தாவில் பிறந்தவர். 48 வயதில் மகளும் மருமகனும் ஒரு கேமரா வாங்கிக் கொடுத்தார்கள். இங்கிலாந்தில் வைட் தீவு வீட்டில் கோழிக்கூட்டை ஸ்டுடியோவாகவும் நிலக்கரி போடும் அறையை இருட்டறையாகவும் மாற்றி, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், வேலைக்காரிகள் என்று கையில் கிடைத்தவர்களை எல்லாம் எடுத்தார். பிள்ளைகளுக்கு இறகு கட்டிவிட்டு ரஃபாயேல் ஓவியத்தின் தேவதைகள் மாதிரி உட்காரவைத்தார். தெரிந்தே, ஆசைப்பட்டு, முன்னவர்களை எதிரொலித்தவர். 1872ல் எடுத்த ஒரு படத்தில் ஒரு சிறுமி இறகோடு கைகளை மடக்கி அதில் நாடியை ஊன்றி உட்கார்ந்திருப்பாள். தேவதையாக இருப்பதில் அவளுக்குக் கொஞ்சமும் விருப்பமில்லை என்று முகத்திலேயே தெரியும். ஓவியத்தில் இல்லாத ஒன்று அந்தச் சலிப்புதான். எனக்கு அந்தப் படம் பிடிப்பதும் அதற்காகத்தான்.

1875ல் கணவருடைய கோப்பித் தோட்டங்களுக்காக இலங்கைக்கு வந்தார், 1879ல் டிக்கோயாப் பக்கம் இறந்தார். இங்கே எடுத்தவற்றில் 30க்கும் குறைவான படங்களே மிஞ்சியிருக்கின்றன. அவற்றில் தோட்டத்துச் சனங்களும் ஊர்ச் சனங்களும் இருக்கிறார்கள். இங்கிலாந்தில் எடுத்த படங்களில் இன்னார் மகள், இன்னார் பேத்தி என்று பெயர் இருக்கிறது. இங்கே எடுத்தவர்களில் பெரும்பாலானோருக்குப் பெயர் இல்லை. தமிழ்நாட்டிலிருந்து கோப்பித் தோட்டத்துக்கு வந்த சனத்தின் வழியில் வந்தவள் நான். அந்தப் பெண்களின் முகத்தைப் பார்க்கும்போது, இது என் பாட்டியின் பாட்டிக்குத் தெரிந்தவளாக இருக்குமோ என்று தேடுவேன். தேடுவதற்கு ஒரு எழுத்துகூட இல்லை.

அதனால் ஒற்றுமையைப் பற்றி நீங்கள் இவ்வளவு வருந்த வேண்டாம். படத்துக்குப் பின்னால் எழுதிவையுங்கள்: எந்த ஊர், எந்த வருஷம், யார் யார், வாளியில் என்ன, மாட்டின் பெயர் என்ன. ஸ்மித்தின் பெயரைப் போடுவதா இல்லையா என்பது உங்கள் விருப்பம். உங்கள் பிள்ளைகளின் விவரத்தை விடாதீர்கள். கண்காட்சியில் பெயர் போட விருப்பமில்லை என்றால் வீட்டுப் பிரதியிலாவது இருக்கட்டும்.

புறவாசல் (அம்பாசமுத்திரம்)

இத்தனை பேர் இவ்வளவு எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. ஒவ்வொன்றையும் திரும்பத் திரும்ப வாசித்தேன். மனசு நிறைந்திருக்கிறது.

கோவைத் தம்பி சொன்ன பொடி எழுத்து வரி உண்மையிலேயே இருந்தது. கேட்டேன், விளம்பரத்துக்குப் பயன்படுத்தமாட்டோம் என்று தனியாக எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

சாம்பல்நிறம் கேட்டபடி முழு வரிசையையும் கீழே போட்டிருக்கிறேன். நீங்கள் சொன்ன மாதிரி காலண்டரிலோ அட்டையிலோ பார்த்திருக்கலாம், எனக்கு நினைவில்லை, அதை ஒப்புக்கொள்வதில் எனக்குச் சங்கடம் இல்லை. வரிசையைப் பார்த்தபோது ஒன்று புரிந்தது. நான் பொறுக்கியதற்கு அடுத்த படத்தில் வாளி சரிந்து பாதித் தண்ணீர் வாசல்படியில் கொட்டிவிட்டது. அவள் ஈரச் சட்டையோடு நிற்கிறாள், அவன் குனிந்து பிடியைத் தூக்குகிறான், கதவோரம் மாட்டின் மூஞ்சி எட்டிப் பார்க்கிறது. வெளிச்சம் அவ்வளவு அழகாக இல்லை, ஓரம் வெளுத்துப் போயிருக்கிறது. அதனால்தான் ஒதுக்கியிருந்தேன். இப்போது பார்த்தால் என் வீடு முழுசாக அதில்தான் இருக்கிறது.

பெரியவனிடம் இரண்டையும் காட்டி, எதை வெளியே வைக்கலாம் என்று கேட்டேன். சாலி மான் பற்றி ஐயா எழுதிய பிறகு தேடி வாசித்தேன். எந்தப் படம் புத்தகத்தில் வரலாம், எது வேண்டாம் என்று சொல்ல அவர் தன் பிள்ளைகளை விட்டிருக்கிறார். என் மகனுக்கும் அந்த உரிமை இருக்க வேண்டும் என்று தோன்றியது. அவன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "லட்சுமி இருக்கிற படம்" என்றான். லட்சுமி எங்கள் மாடு. முதல் படம் எதற்கு, அதில் ஒன்றும் நடக்கவில்லையே என்றும் கேட்டான். சின்னவளுக்குச் சட்டை நனைந்தது மற்றவர்களுக்குத் தெரிவது பிடிக்கவில்லை. அவளைச் சம்மதிக்கவைக்க நான் முயலவில்லை. இரண்டு நாள் கழித்து அவளாகவே வந்து, அண்ணன்தான் கொட்டினான் என்று எழுதினால் சரி என்றாள். எழுதுகிறேன்.

ஆக இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து ஒரே சட்டத்தில் அனுப்பப்போகிறேன். தேயிலைப்பனி, கீழே விவரம் எழுதுகிறேன்: ஊர், வருஷம், கழனித் தண்ணீர், லட்சுமி, அண்ணன் கொட்டியது. பிள்ளைகள் பெயர் வீட்டுப் பிரதியில் மட்டும். ஸ்மித் பெயரையும் ஒரு வரியில் சொல்லப்போகிறேன். யாரும் கேட்பார்கள் என்று பயந்து அல்ல. முகம் சிதைந்து கிடந்த ஒரு தகப்பன் தன் பிள்ளைகளுக்குப் பின்னால் நடந்துபோய் அப்படி ஒன்றை எடுத்தான் என்பது தெரிந்த பிறகு, அவரைச் சொல்லாமல் இருக்க எனக்கு மனசு வரவில்லை.

மூன்றாவது கேள்வி அப்படியேதான் இருக்கிறது. நேற்று சின்னவள் அரங்கு வீட்டில் நெல்மூட்டை மேல் தூங்கிக்கொண்டிருந்தாள். கேமராவை எடுத்தேன், யார் எடுத்திருப்பார்களோ என்ற நினைப்பு வந்தது, அப்படியே எடுத்தும்விட்டேன். நினைப்பு போகாது போலிருக்கிறது, அதோடுதான் எடுக்க வேண்டும்.

இருட்டறை ஐயாவிடம் ஒரு உதவி. இரண்டாவது படத்தில் வெளுத்துப்போன ஓரத்தை என்ன செய்வது? முதல் படத்தின் கறுப்போடு சேர்த்து வைத்தால் பொருந்துமா?

இருட்டறை (கும்பகோணம்)

பொருந்தும் அம்மா. வெளுத்ததை இழுத்துக் கறுப்பாக்கப் பார்க்காதீர்கள், சாம்பலாகச் செத்துப்போகும். இரண்டையும் ஒரே அளவில், எட்டுக்குப் பத்து அங்குலமாகப் போடுங்கள். பெரிதாக்க வேண்டாம். மேட் காகிதம், பளபளப்பு கூடாது. சுற்றிலும் விரல் அகலத்துக்கு வெள்ளை ஓரம் விட்டால் இரண்டாவதன் வெளுப்பு அதோடு கரைந்து நிற்கும். முதல் படத்தில் கறுப்பு மொத்தமாக அடைத்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள், இடது சுவரில் தொங்குகிற அரிவாள்மணை லேசாகத் தெரிய வேண்டும். லேபில் ஒரு சோதனைத் துண்டு போடச் சொல்லி, அதை உங்கள் அடுக்களை வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். பிடித்திருந்தால் முழுசாகப் போடச் சொல்லலாம்.